உயர்வெப்பநிலை மீக்கடத்திகளின் மின்பண்புகளை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளை (ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே மின்தடையே இல்லாமல் கடத்தும் பொருள்களை) முதன்முறையாகக் கையில் எடுக்கும் முதுகலை மாணவர்களையும் ஆய்வு மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது. முதல் பாதி மாதிரி செய்வது, ஒயர் ஒட்டுவது, அளப்பது பற்றி. பெரிய ஆய்வகங்களிலிருந்து வரும் அளவீடுகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பது பின்பாதி.

மைனஸ் 180 டிகிரி எப்படி 'உயர்வெப்பநிலை' ஆகும்?

1986க்கு முன் இருந்த நிலையை வைத்து வந்த பெயர் அது. அதுவரை நயோபியம்-ஜெர்மானியம் சேர்மத்தின் 23 கெல்வின்தான் உச்சம். திரவ ஹீலியம் இல்லாமல் எதுவும் நடக்காது. 1986இல் சூரிச்சுக்கு அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ஸும் முல்லரும் லாந்தனம்-பேரியம்-தாமிர ஆக்சைடில் 30 கெல்வினை ஒட்டி மீக்கடத்தலைக் கண்டார்கள். மறு வருடமே நோபல் பரிசு. 1987 தொடக்கத்தில் ஹூஸ்டன், அலபாமா குழுக்கள் இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடில் 93 கெல்வினைத் தொட்டன. ஆய்வகப் பேச்சில் அதன் பெயர் ஒய்பிசிஓ. திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். ஹீலியம் வாங்க வசதியில்லாத கல்லூரிகளும் இந்தத் துறைக்குள் வர முடிந்தது இந்த 16 கெல்வின் வித்தியாசத்தால்தான். 1993இல் சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழகக் குழு பாதரசச் சேர்மம் ஒன்றில் சுமார் 133 கெல்வினைக் கண்டது. அதே சேர்மம் அழுத்தத்தில் 160ஐத் தாண்டியது.

முதல் மாதிரியாக எதைச் செய்வது?

ஒய்பிசிஓ. யோசிக்கவே வேண்டாம். காற்றிலேயே சுடலாம், விஷ ஆவி வராது, ஒரு வாரத்தில் கையில் வில்லை (பொடியை அழுத்திச் சுட்ட வட்டக் கட்டி) இருக்கும். பிஸ்மத் 2223க்கு (பிஸ்மத், ஸ்ட்ரான்சியம், கால்சியம், தாமிரம் 2:2:2:3 விகிதத்தில் உள்ள ஆக்சைடு) 110 கெல்வின் என்ற கவர்ச்சி உண்டு. ஆனால் அதில் சிறிது ஈயம் சேர்த்து, மிகக் குறுகிய வெப்ப வரம்பில் பல நாள் சுட்டாலும் 2212 கட்டம் கலந்தே வரும். தாலியம், பாதரசச் சேர்மங்களை மூடிய குழாயும் தனி வெளியேற்றி அமைப்பும் இல்லாத இடத்தில் தொடவே கூடாது.

10 கிராம் ஒய்பிசிஓவுக்கு என்னென்ன, எவ்வளவு?

இட்ரியம் ஆக்சைடு 1.695 கிராம், பேரியம் கார்பனேட் 5.924 கிராம், தாமிர(II) ஆக்சைடு 3.582 கிராம். மூன்றும் 99.9 சதவீதத் தூய்மைக்குக் குறையாமல் இருக்கட்டும். மொத்தம் 11.2 கிராம் வரும். சுடும்போது கார்பன் டைஆக்சைடு போய்விடுவதால் முடிவில் 10 கிராம் நிற்கும். எடை போடுமுன் இட்ரியம் ஆக்சைடை 900 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைத்து உலர்த்துங்கள். ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும் பொருள் அது. உலர்த்தாமல் நிறுத்தால் இட்ரியம் குறைந்துபோகும்.

அகேட் கல்வத்தில் அசிட்டோன் ஊற்றி அரை மணிக்குக் குறையாமல் அரைக்கவும். வெள்ளைப் புள்ளி எதுவும் தெரியாமல் ஒரே சாம்பல் நிறமாக வரவேண்டும். அலுமினா மூசையில் இட்டு, 900 முதல் 920 டிகிரியில் காற்றில் 12 மணி நேரம் சுடவும். ஆறியதும் எடுத்து மறுபடி அரைத்து, மறுபடி சுடவும். இப்படி மூன்று தடவை. கார்பனேட் முழுக்கச் சிதைவதற்கு இந்தத் திரும்பச் செய்தல் அவசியம். ஒரே தடவையில் 36 மணி நேரம் வைப்பது இதற்கு ஈடாகாது, ஏனென்றால் துகள்கள் தொடும் இடங்களில் மட்டும் வினை நடந்து நின்றுவிடும். பிறகு 13 மில்லிமீட்டர் அச்சில் 3 முதல் 5 டன் அழுத்தத்தில் வில்லையாக அடித்து, ஆக்சிஜன் ஓட்டத்தில் 930 முதல் 940 டிகிரியில் 24 மணி நேரம் சுடவும்.

அவசரப்பட்டு 1000க்கு மேல் ஏற்றாதீர்கள். 1010 டிகிரியை ஒட்டிச் சேர்மமே சிதைந்து உருகும். பேரியம்-தாமிர ஆக்சைடுகளின் உருகுகலவையோ 900க்கு அருகிலேயே தோன்றிவிடும். வில்லை மூசையோடு ஒட்டிக்கொள்வது, அலுமினியம் மாதிரிக்குள் ஏறுவது எல்லாம் இந்தத் திரவத்தால்தான். மூசையில் அதே சேர்மத்தின் பொடியைத் தூவி, வில்லையை அதன்மேல் உட்கார வைத்தால் ஒட்டாது.

வில்லை பச்சையாக வருகிறதே?

பச்சை என்றால் 211 கட்டம், அதாவது இட்ரியம் 2, பேரியம் 1, தாமிரம் 1 உள்ள காப்பான் (மின்சாரம் கடத்தாத பொருள்). வெப்பம் கூடிப் போயிருக்கலாம், எடை பிசகியிருக்கலாம், அரைப்பு போதாமல் இருக்கலாம். லேசான பச்சைச் சாயல் மட்டுமே என்றால் அரைத்து மறுபடி சுட்டுப் பாருங்கள். எலுமிச்சைப் பச்சையாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது மேல். நல்ல வில்லை கருகருவென்று இருக்கும்.

நிறம் கறுப்பு, ஆனால் நைட்ரஜனில் வைத்தால் காந்தத்தைத் தள்ளவே இல்லை. என்ன குறை?

ஆக்சிஜன். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

உலையின் உச்ச வெப்பநிலையில் ஒய்பிசிஓ ஆக்சிஜனை இழந்து, ஒரு வாய்பாட்டு அலகுக்கு 6ஐ ஒட்டிய அளவுக்குப் போய்விடும். அந்த நிலையில் அது நாற்கோண அமைப்பில் இருக்கும் காப்பான். மெதுவாக ஆறும்போதுதான் ஆக்சிஜன் உள்ளே திரும்பி, தாமிர-ஆக்சிஜன் சங்கிலிகளாக அடுக்கப்பட்டு, நேர்சாய்சதுர அமைப்புக்கு மாறும். சங்கிலிகள் அருகிலுள்ள தாமிர-ஆக்சிஜன் தளங்களிலிருந்து எலக்ட்ரான்களை இழுக்கின்றன. தளங்களில் மிஞ்சும் துளைகளே (எலக்ட்ரான் போன காலியிடங்களே) மீக்கடத்தலைச் சுமக்கின்றன. ஆகவே ஆக்சிஜன் எண்ணை மாற்றினால் மின்பண்பு மொத்தமும் மாறும். 6.93 அருகே 93 கெல்வின். 6.5 முதல் 6.7 வரை சுமார் 60 கெல்வினில் ஒரு சமதளம். 6.35க்குக் கீழே மீக்கடத்தலே இல்லை, எதிர்ஃபெரோகாந்தக் (அடுத்தடுத்த அணுக்களின் காந்தத்திசை எதிரெதிராக நிற்கும்) காப்பான்தான்.

எனவே சுட்ட பிறகு நிமிடத்துக்கு 1 முதல் 2 டிகிரி வீதம் 450 டிகிரிக்கு இறக்கி, ஆக்சிஜன் ஓட்டத்தில் 24 மணி நேரம் வைத்து, பிறகு அதே வேகத்தில் ஆறவிடுங்கள். உலையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் மேல்தோல் மட்டும் ஆக்சிஜன் ஏறியிருக்கும், நடுப்பகுதி ஏறியிருக்காது. நுண்துளை நிறைந்த வில்லைக்கு ஒரு நாள் போதும். அடர்ந்த ஒற்றைப் படிகத்துக்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

விலை குறைந்த வழி அயோடின் தரம்பார்த்தல். சம எடையுள்ள இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 133 மில்லிகிராம். முதல் பங்கை அமிலத்தில் கரைத்துக் கொதிக்கவிட்டால் தாமிரம் முழுதும் இரண்டு இணைதிறனுக்கு இறங்கிவிடும். ஆறியபின் பொட்டாசியம் அயோடைடு சேர்த்து 0.03 மோலார் தயோசல்பேட்டால் தரம்பாருங்கள், சுமார் 20 மில்லிலிட்டர் ஆகும். இரண்டாவது பங்கை அயோடைடு ஏற்கெனவே இருக்கும் அமிலத்திலேயே, ஆர்கான் ஓட்டத்தில் கரையுங்கள். இதற்கு 25.6 மில்லிலிட்டர் ஆனது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலான 5.6ஐ 20ஆல் வகுத்தால் 0.28. அதை 1.5ஆல் பெருக்கி 6.5ஐக் கூட்டினால் ஆக்சிஜன் எண் 6.92.

இதில் வழக்கமாகத் தவறுவது ஆர்கான். காற்று பட்டால் அயோடைடு தானாகவே அயோடினாக மாறும், ஆக்சிஜன் எண் கூடுதலாகத் தெரியும். விடை 7ஐத் தாண்டினால் மாதிரியைப் பாராட்டாமல் ஆர்கான் குழாயைச் சரிபாருங்கள்.

எக்ஸ் கதிர் விளிம்புவிளைவும் கைகொடுக்கும். படிகத்தின் நீண்ட பக்கம் ஆக்சிஜன் நிறைந்திருந்தால் 11.68 ஆங்ஸ்ட்ராம், குறைந்தால் 11.83 வரை நீளும். தாமிரக் கதிரில் 32.5, 32.8 டிகிரிகளில் இரட்டையாகப் பிரிந்த முகடு தெரிந்தால் நேர்சாய்சதுர அமைப்பு வந்துவிட்டது. அந்த வலுவான முகடு பிரியாமல் ஒன்றாகவே நின்றால் ஆக்சிஜன் ஏறவில்லை.

நான்கு முனை எதற்கு? மல்டிமீட்டரில் நேராக அளந்தால் என்ன?

2க்கு 2 மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் மின்னழுத்த முனைகளுக்கிடையே 4 மில்லிமீட்டர் இடைவெளியும் உள்ள துண்டு ஒன்றை எடுங்கள். நல்ல வில்லையின் மின்தடை எண் அறை வெப்பநிலையில் சுமார் 1 மில்லிஓம்-செமீ. கணக்குப் போட்டால் மின்தடை வெறும் 10 மில்லிஓம். ஆனால் சில்வர் பெயின்டால் ஒட்டிய ஒரு முனையின் தொடுமின்தடையே 1 முதல் 10 ஓம் வரும். இரண்டு முனையில் அளந்தால் நீங்கள் அளப்பது பெயின்டைத்தான், மாதிரியை இல்லை. நான்கு முனையில் வெளி இரண்டு வழியாக மின்னோட்டம் போகும், உள் இரண்டில் மின்னழுத்தம் மட்டும் பார்க்கிறோம். வோல்ட்மீட்டர் ஏறத்தாழ மின்னோட்டமே இழுக்காததால் அந்த முனைகளின் தொடுமின்தடை கணக்கில் வராது.

ஒயர் ஒட்டுவதில் கவனிக்க வேண்டியது?

மேற்பரப்பு. ஒய்பிசிஓ காற்றின் ஈரத்தோடும் கார்பன் டைஆக்சைடோடும் வினைபுரிந்து பேரியம் கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் கொண்ட ஒரு காப்புப் படலத்தைப் போர்த்திக்கொள்ளும். ஒட்டுவதற்குச் சற்று முன் நுண்ணிய உப்புத்தாளில் உலர்வாகவே தேய்த்துவிடுங்கள், தண்ணீர் கூடாது. 50 மைக்ரான் தங்கம் அல்லது தாமிரக் கம்பியைச் சில்வர் பெயின்டால் ஒட்டலாம். இன்னும் நல்ல தொடுப்பு வேண்டுமென்றால் கம்பி வைக்கும் இடத்தில் வெள்ளியையோ தங்கத்தையோ ஆவியாக்கிப் படியவைத்து, ஆக்சிஜனில் 450 டிகிரி அளவில் சூடேற்றுங்கள். பல ஓம் இருந்த இடத்தில் ஓர் ஓமுக்கும் கீழே வரும்.

உள் முனைகள் குறுகலாக இருக்கட்டும். 4 மில்லிமீட்டர் இடைவெளியில் பெயின்ட் பொட்டு 0.5 மில்லிமீட்டர் அகலம் என்றால் மின்தடை எண்ணில் 10 சதவீதத்துக்கு மேல் பிழை அங்கேயே வந்துவிடும். வெளி முனைகளோ துண்டின் முனைமுகம் முழுவதையும் மூட வேண்டும், அப்போதுதான் மின்னோட்டம் சீராகப் பரவும்.

எவ்வளவு மின்னோட்டம் அனுப்பலாம்?

மேலே சொன்ன துண்டுக்கு 10 மில்லிஆம்பியர். அறை வெப்பநிலையில் 100 மைக்ரோவோல்ட் கிடைக்கும். ஒயர் இணைப்புகளில் வெப்பநிலை வித்தியாசத்தால் எழும் வெப்ப மின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட் இருக்கும். ஒவ்வோர் அளவிலும் மின்னோட்டத்தின் திசையைப் புரட்டி இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் அது கழிந்துவிடும். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் மாறுநிலைக்குக் (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலைக்குக்) கீழே 'மிச்ச மின்தடை' ஒன்று பிடிவாதமாக நிற்கும், சில சமயம் எதிர்க்குறியோடு.

சிக்னல் போதவில்லை என்று 100 மில்லிஆம்பியருக்கு ஏற்றினால், 10 ஓம் தொடுமுனையில் 100 மில்லிவாட் வெப்பம் எழும். மாதிரி சூடாகும், வெப்பமானி குளிர்ந்தே இருக்கும், மாறுநிலை வெப்பநிலை தாழ்ந்ததாகத் தெரியும். லாக்-இன் பெருக்கி (ஒரே அதிர்வெண்ணில் வரும் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) இருந்தால் 50 ஹெர்ட்ஸின் மடங்குகளைத் தவிர்த்து 17, 37 ஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்ணில் அளக்கலாம். அப்போது கட்டம் விலகிய கூறையும் பதிவு செய்யுங்கள். அது பெரிதாக இருந்தால் ஏதோ ஒரு முனை கழன்றுகொண்டிருக்கிறது.

குளிரவைக்கும்போது ஒரு வளைகோடு, சூடேறும்போது வேறு வளைகோடு. எது சரி?

இரண்டும் சரியில்லை. வெப்பமானியும் மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இல்லை என்று அர்த்தம். இரண்டையும் ஒரே தாமிரக் கட்டையில், அடியில் சிகரெட்தாளும் வார்னிஷும் வைத்து ஒட்டுங்கள். ஒயர்கள் மாதிரிக்குப் போகுமுன் கட்டையில் சில சுற்றுச் சுற்றிப் போகட்டும், இல்லாவிட்டால் அறையின் வெப்பம் ஒயர் வழியே இறங்கும். மாறுநிலையை ஒட்டி நிமிடத்துக்கு 0.5 கெல்வினுக்கு மேல் போக வேண்டாம். பிளாட்டினம் 100 வெப்பமானி திரவ நைட்ரஜனில் 20.2 ஓம் காட்ட வேண்டும். தொடங்குமுன் அதை நைட்ரஜனில் முக்கிப் பார்த்துவிடுவது ஐந்து நிமிட வேலை.

மின்தடை இரண்டு படியாக விழுகிறது. இரண்டு கட்டங்கள் கலந்திருக்கின்றனவா?

பெரும்பாலும் இல்லை. வில்லை என்பது நுண்படிகங்களின் கூட்டம். முதலில் ஒவ்வொரு நுண்படிகமும் மீக்கடத்தியாகும், அதற்குக் கீழேதான் அவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். சோதிப்பது சுலபம்: மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாகக் குறையுங்கள், அல்லது சில மில்லிடெஸ்லா காந்தப்புலம் கொடுங்கள். கீழ்ப்படி நகர்ந்து மேல்படி அசையாமல் நின்றால் அது நுண்படிக எல்லை. இரண்டும் அசையாவிட்டால் கட்டக் கலப்பைச் சந்தேகிக்கலாம்.

மின்தடை சுழியாகிவிட்டது. மீக்கடத்தி என்று எழுதலாமா?

கூடாது. மின்தடை வளைகோடு மட்டும் சான்றாகாது. முனை கழன்றாலும், மின்னோட்டம் வேறு வழியில் குறுக்கே பாய்ந்தாலும் மின்னழுத்தம் சுழியாகும். 2023இல் கொரியாவிலிருந்து வந்த எல்கே-99 அறிவிப்பு இதற்கு நல்ல பாடம். 104 டிகிரி செல்சியஸ் அருகே மின்தடை சரிந்ததை மீக்கடத்தல் என்றார்கள். மாதிரியில் கலந்திருந்த தாமிர சல்ஃபைடு அதே வெப்பநிலையில் அமைப்பு மாறி, மின்தடையில் பலமடங்கு வீழ்ச்சி காட்டும் பொருள். கந்தகம் கலக்காமல் ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வளர்த்த ஒற்றைப் படிகமோ ஒளிபுகும் காப்பானாக இருந்தது.

கூடவே காந்த ஏற்புத்திறனை அளந்தாக வேண்டும். புலமில்லாமல் குளிரவைத்து 1 மில்லிடெஸ்லா கொடுத்து ஒரு தடவை, அதே புலத்திலேயே குளிரவைத்து இன்னொரு தடவை. முதலாவது கவசத்தைக் காட்டும், இரண்டாவது புலத்தை வெளித்தள்ளும் மெய்ஸ்னர் விளைவைக் காட்டும். காந்தப்புலச் சுழல்கள் உள்ளே சிக்கிக்கொள்வதால் இரண்டாவது எப்போதும் சிறியதாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒய்பிசிஓ முழுக் கனஅளவும் மீக்கடத்தினால் ஒரு கிராமுக்கு மைனஸ் 0.0125 இஎம்யூ (சிஜிஎஸ் காந்த அலகு) ஏற்புத்திறன் வரவேண்டும். மாதிரி கோளமாக இருந்தால் அதன் ஒன்றரை மடங்கு தெரியும், தட்டையான படிகத்தில் புலம் செங்குத்தாக இருந்தால் பலமடங்கு. '150 சதவீதம் மீக்கடத்தல்' என்ற விடை வடிவத் திருத்தம் செய்யாததால் வருவது. காந்தச் சுருளில் மிச்சப் புலம் எதிர்த்திசையில் இருந்தால் வளைகோடு தலைகீழாகவும் வரும்.

ஹால் விளைவை அதே துண்டில் அளக்க முடியுமா?

முடியாது என்றே சொல்லலாம். (ஹால் விளைவு என்பது மின்னோட்டத்துக்குக் குறுக்கே காந்தப்புலம் கொடுத்தால் பக்கவாட்டில் எழும் மின்னழுத்தம்; கடத்திகளின் எண்ணிக்கையை அதிலிருந்து அறியலாம்.) 1 மில்லிமீட்டர் தடிமன், 10 மில்லிஆம்பியர், 1 டெஸ்லா என்றால் ஹால் மின்னழுத்தம் 10 நானோவோல்ட் அளவில்தான் வரும். மாதிரியை 50 மைக்ரானுக்கு இழைத்தாலோ மெல்லேட்டில் அளந்தாலோ கைக்கு எட்டும். ஹால் முனைகள் இரண்டும் நேரெதிரே இருக்காது, ஆகவே சாதாரண மின்தடையும் கலந்துவரும். புலத்தைப் புரட்டி அளந்து கழித்தே ஆக வேண்டும். அது சரி என்றால், வெப்பநிலையோடு ஹால் எண் மாறுவதைக் கண்டு திகைக்காதீர்கள், தாமிர ஆக்சைடுகளின் இயல்பே அது.

மாறுநிலைக்கு மேலே மின்தடை நேர்கோடாகப் போகிறது. உலோகம்தானே, இதில் என்ன அதிசயம்?

சாதாரண உலோகத்தில் படிக அதிர்வுகளால் வரும் மின்தடையும் அறை வெப்பநிலையில் நேர்கோடுதான். அதிசயம் இரண்டு முனைகளில் இருக்கிறது. குளிர்ந்த முனையில் அதிர்வுகள் உறைந்துபோவதால் அந்த நேர்கோடு வளைந்தாக வேண்டும். மாறுநிலை 10 கெல்வினுக்கும் தாழ்ந்த பிஸ்மத் 2201 படிகங்களிலோ 10 கெல்வின் அளவிலிருந்து 700 வரை கோடு வளையவில்லை. சூடான முனையில், எலக்ட்ரான் மோதாமல் போகும் தூரம் அணு இடைவெளி அளவுக்குச் சுருங்கியதும் மின்தடை தேங்கிவிட வேண்டும். ஸ்ட்ரான்சியம் கலந்த லாந்தனம் தாமிர ஆக்சைடில் 1000 கெல்வின் வரை தேங்கவில்லை. 'எலக்ட்ரான் ஒரு துகள்போல ஓடி மோதுகிறது' என்ற படமே இங்கே பொருந்துகிறதா என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுந்தது. விசித்திர உலோகம் என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

உங்கள் வில்லையின் நேர்கோட்டை வைத்து இவ்வளவு பேச முடியாது. நுண்படிக எல்லை, படிக அச்சுகளின் கலப்பு எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. தளத்துக்கு இணையாக 300 கெல்வினில் 200 முதல் 300 மைக்ரோஓம்-செமீ காட்டும் ஒற்றைப் படிகம் வேண்டும். அவற்றைப் பேரியம் சிர்க்கோனேட் மூசையில் வளர்த்தால்தான் மாசு ஏறாது.

போலி இடைவெளி என்றால் என்ன? யார் எப்படிக் கண்டது?

துளைகள் குறைவாக உள்ள மாதிரிகளில், மாறுநிலைக்கு வெகு மேலேயே எலக்ட்ரான் நிலைகளின் அடர்த்தி குறையத் தொடங்கும். மீக்கடத்தல் இன்னும் வந்திருக்காது, ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் நிலைகளே இல்லாத ஆற்றல் வரம்பு) பாதி திறந்துவிட்டிருக்கும். 1989இல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் முதலில் தெரிந்தது: ஒய்பிசிஓவின் இட்ரியம் கருவின் நைட் பெயர்ச்சி (உலோக எலக்ட்ரான்களால் ஒத்ததிர்வு இடம்பெயரும் அளவு) அறை வெப்பநிலையிலிருந்தே சரிந்தது. 1996இல் ஒளியுமிழ் அளவீடுகள் அந்த இடைவெளியை நேரில் காட்டின. மின்தடையில் அது நேர்கோட்டிலிருந்து கீழ்நோக்கிய விலகலாகத் தெரியும். அந்த வெப்பநிலையைக் குறிக்கும்போது எந்த வரம்பில் நேர்கோடு பொருத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். வரம்பை மாற்றினால் விடை 20, 30 கெல்வின் நகரும்.

கோணம்பிரித்த ஒளியுமிழ் ஆய்வில் ஏன் எல்லோரும் பிஸ்மத் 2212வையே எடுக்கிறார்கள்?

பிளப்பதற்காக. இந்த முறையில் புற ஊதா ஒளி தட்டியெழுப்பும் எலக்ட்ரான்களின் ஆற்றலையும் கோணத்தையும் அளக்கிறோம். அவை மேற்பரப்பிலிருந்து ஒரு நானோமீட்டர் அளவு ஆழத்திலிருந்தே வருகின்றன. எனவே மேற்பரப்பு உள்ளேயிருப்பதைப் போலவே இருக்க வேண்டும். பிஸ்மத் 2212வில் இரண்டு பிஸ்மத்-ஆக்சிஜன் அடுக்குகள் பலவீனமாக ஒட்டியிருக்கின்றன. படிகத்தின் மேல் ஒரு சிறு தூணை எப்பாக்சியால் ஒட்டி, வெற்றிட அறைக்குள் தூணைத் தட்டிவிட்டால் அங்கே பிளந்து, மின்னூட்டம் ஏறாத சுத்தமான முகம் கிடைக்கும். ஒய்பிசிஓ பிளக்கும் முகமோ மின்னூட்டச் சமநிலை இழந்தது. மேற்பரப்பில் துளைகள் தாமாகவே கூடிவிடும், உள்ளே இருப்பது 60 கெல்வினில் மாறும் படிகமாக இருந்தாலும் வெளியே வேறொன்றை அளப்பீர்கள்.

வெற்றிடம் 5×10⁻¹¹ மில்லிபார் அளவில் வேண்டும். அப்போதும் ஒரு முகம் ஒரு நாளுக்கு மேல் தாங்குவது அரிது. அளவீட்டின் முதலிலும் கடைசியிலும் ஒரே புள்ளியை அளந்து ஒப்பிடுங்கள், முதுமை தெரிந்துவிடும். ஃபெர்மி மட்டத்தை (எலக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளின் மேல் எல்லையை) மாதிரியோடு மின்தொடர்புள்ள தங்கத் துண்டில் குறித்துக்கொள்ள வேண்டும். 35 மில்லிஎலக்ட்ரான்வோல்ட் இடைவெளியைப் பற்றிப் பேசும்போது 2 மில்லிஎலக்ட்ரான்வோல்ட் நகர்வும் பெரிது. மூலைவிட்டத் திசையில் இடைவெளி சுழி, தாமிர-ஆக்சிஜன் பிணைப்புத் திசையில் உச்சம் என்பதை 1993இல் ஸ்டான்ஃபோர்டு குழு இந்த முறையில்தான் காட்டியது.

அது டி-அலைச் சமச்சீர் (இடைவெளி திசைக்குத் திசை குறி மாறும் வடிவம்) என்பதற்கு அதுவே போதுமே?

போதாது. ஒளியுமிழ் அளவீடு இடைவெளியின் அளவை மட்டும் காட்டும், குறியைக் காட்டாது. மூலைவிட்டத்தைக் கடக்கும்போது கூட்டலிலிருந்து கழித்தலுக்கு மாறுகிறதா என்பதே கேள்வி. 1993இல் இல்லினாய் குழு ஒய்பிசிஓ படிகத்தின் இரு முகங்களையும் ஈய மெல்லேட்டால் இணைத்து ஸ்க்விட் (காந்தப்பாயத்தை மிக நுணுக்கமாக அளக்கும் மீக்கடத்தி வளையம்) செய்து கட்ட வித்தியாசத்தைக் காட்டியது. அதைவிட மறுக்க முடியாதது 1994இல் ஐபிஎம்மில் சுவே, கர்ட்லி குழு செய்தது. திசை விலகிய மூன்று படிகங்களை ஒட்டிய ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் தட்டின்மேல் ஒய்பிசிஓ மெல்லேடு. மூன்றும் சந்திக்கும் புள்ளியைச் சுற்றி ஒரு சிறு வளையம், ஒப்பீட்டுக்கு வேறு இடங்களிலும் வளையங்கள். டி-அலை என்றால் சந்திப்பு வளையத்தில் மட்டும் குறி ஒற்றைப்படைத் தடவை மாறும். அப்போது அந்த வளையம் தானாகவே காந்தப்பாயக் குவாண்டத்தில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்க்விட் நுண்ணோக்கியில் அந்த 1.03×10⁻¹⁵ வெபர் அங்கே மட்டும் இருந்தது.

உயர் காந்தப்புல ஆய்வுகளால் புதிதாக என்ன தெரிந்தது?

மீக்கடத்தலை அழுத்திவிட்டு அடியில் இருக்கும் உலோகத்தைப் பார்க்க முடிந்தது. 2007இல் துலூஸ் துடிப்புக்காந்த ஆய்வகத்தில், ஆக்சிஜன் 6.5 அளவில் சங்கிலிகள் ஒன்றுவிட்டு ஒன்று நிரம்பிய ஒய்பிசிஓ படிகத்தில், 62 டெஸ்லா வரை ஏற்றியபோது மின்தடையில் குவாண்டம் அலைவுகள் (புலத்தோடு மின்தடை ஏறி இறங்குவது; அதன் அதிர்வெண் எலக்ட்ரான் பாதை சூழும் பரப்பைச் சொல்லும்) தெரிந்தன. அதிர்வெண் சுமார் 530 டெஸ்லா, அதாவது பிரில்லுவன் மண்டலப் (படிகத்தில் எலக்ட்ரானின் உந்தம் அடங்கும் வெளி) பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவான ஒரு குட்டிப் பை. துளைகள் மிகுந்த தாலியம் 2201இலோ அதே முறையில் 18,000 டெஸ்லா, மண்டலத்தில் ஏறத்தாழ 65 சதவீதம். பெரிய பரப்பு எப்படிச் சிறு பைகளாக உடைந்தது என்பதற்கு, 2012இல் எக்ஸ் கதிர்ச் சிதறலில் ஒய்பிசிஓவில் கண்ட மின்னூட்ட ஒழுங்கு பெரும்பகுதி விடை தந்தது. 2016இல் 88 டெஸ்லா வரை நடந்த ஹால் அளவீடுகள், தாமிரத்துக்கு 0.19 துளை என்ற அளவை ஒட்டிக் கடத்திகளின் எண்ணிக்கை சட்டென்று தாவுவதைக் காட்டின.

துடிப்பு சில நூறு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். சுழல் மின்னோட்டம் மாதிரியைச் சூடாக்காமல் இருக்கப் படிகம் சிறியதாக இருக்க வேண்டும். மின்னழுத்த ஒயர்களை முறுக்கி, மாதிரியோடு சேர்த்து அசையாமல் ஒட்ட வேண்டும். புலம் ஏறும்போதும் இறங்கும்போதும் அலைவுகள் ஒரே இடத்தில் விழுந்தால்தான் அந்தத் தரவை எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளப்பட்ட கொள்கை ஒன்று இருக்கிறதா?

இல்லை. 1987இல் ஆண்டர்சன் முன்வைத்த ஒத்ததிர்வு இணைதிறன் பிணைப்புக் கருத்தும் (தாமிரங்களின் எலக்ட்ரான்கள் இணைகளாகப் பிணைந்து இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பது), அதை வளர்த்ததில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரனுக்கு உள்ள பங்கும் தமிழ் மாணவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை. எதிர்ஃபெரோகாந்த ஏற்ற இறக்கங்களைக் காரணமாகச் சொல்லும் தரப்பும் வலுவானது. அளப்பவர்களுக்கு எங்கள் யோசனை: கட்டுரையின் முடிவுரையில் கட்சி சேராதீர்கள், மூலத் தரவைக் கொடுங்கள்.

ஹைட்ரைடுகள் 200 கெல்வினைத் தாண்டிவிட்டனவே, தாமிர ஆக்சைடு இன்னும் எதற்கு?

2015இல் மைன்ஸ் குழு கந்தக ஹைட்ரைடில் 203 கெல்வினைக் கண்டது உண்மை, ஆனால் 155 கிகாபாஸ்கலில், வைர முனைகளுக்கு நடுவே, பல பத்து மைக்ரான் அகலத் துணுக்கில். அங்கே இயங்குவது படிக அதிர்வுவழிப் பழைய பொறிமுறை. கேள்வியே வேறு.

செய்த மாதிரி எத்தனை நாள் தாங்கும்?

சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் மாதக்கணக்கில் இருக்கும். மழைக்காலத்தில் திறந்த மேசையில் வைத்தால் சில வாரங்களிலேயே மேலே வெள்ளை பூத்துவிடும். அதைவிடக் கெடுதல் குளிரவைத்த வில்லையை நைட்ரஜனிலிருந்து நேராக வெளியே எடுப்பது. பனி படிந்து, உருகி, தண்ணீர் நுண்துளைகளில் இறங்கும். உலர்ந்த நைட்ரஜன் வாயு ஓடும் பையில் அறை வெப்பநிலைக்கு வரட்டும், பிறகு வெளியே எடுங்கள்.

பாதுகாப்பில் எது பெரும்பாலும் மறந்துபோகிறது?

பேரியம் கார்பனேட் விஷம் என்பது. அரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் வேண்டும், கல்வத்தைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அடுத்தது மூடிய அறையில் திரவ நைட்ரஜன். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு, ஆக்சிஜன் குறைவது மூக்குக்குத் தெரியாது. மூன்றாவது, நைட்ரஜனில் அமிழ்த்திய மாதிரிக்குழாய் காற்றுக்குத் திறந்திருந்தால் உள்ளே ஆக்சிஜன் 90 கெல்வினிலேயே திரவமாகச் சேரும். அடியில் இளநீல நிறத் திரவத்தைக் கண்டால் குழாயை மூடாதீர்கள், கிரீஸ், எண்ணெய் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள், குழாயின் வாயைத் திறந்தபடியே வைத்து மெல்ல ஆவியாக விடுங்கள்.